குட்டி ஆரஞ்சுத் தொட்டி

எங்கள் கட்டடத்தின் ஏழாம் மாடியில் குடியிருந்த குவோங் பாக்-லாம், தையற்கடையில் துணி வெட்டுபவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் ஒரு புயல் நாளன்று மத்தியானம், ஜன்னலுக்கு வெளியே அவர் வைத்திருந்த குட்டி ஆரஞ்சுச் செடித் தொட்டி தெருவில் விழுந்தது. கீழே கஞ்சிக்கடை வைத்திருந்த சியூ தலையில் அது விழுந்து அந்த இடத்திலேயே இறந்துபோனார்.

போலீஸ் வீடு வீடாகக் கேட்டது. எட்டு வீட்டில் தொட்டிகள் இருந்தன. "என்னுது இல்ல" என்றார் லாம்.

மறுநாள் மிச்சத் தொட்டிகளை அவர் உள்ளே தூக்கியபோது நாங்கள் நாலாம் அத்தை என்று கூப்பிடும் எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். "புயல்தான் போயிடுச்சே லாம் அண்ணே! ஒடம்புல பீ ஒட்டியிருக்கோ?" குற்றமுள்ளவனை நாங்கள் அப்படித்தான் கேலி செய்வோம். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

அதன்பின் தினம் மூன்று வேளை குளிப்பார். விரலை முகர்ந்துகொண்டே இருப்பார். கடையில் கத்தரி கீழே விழுந்தால் தலையை இரு கையாலும் மூடிக்கொள்வார்.

பழியோ ஐந்தாம் மாடியில் தொட்டி வைத்திருந்த பூன்மேல் விழுந்தது. யாரும் பேசாமல் ஒதுக்கியதால் அவர் வீட்டைக் காலிசெய்து போனார். லாம் வாயே திறக்கவில்லை.

சியூவின் மனைவி கடையை நடத்தினாள். லாம் தினமும் காலையில் அங்கே போய் உட்காருவார். பாதிக் கஞ்சிக்குமேல் இறங்காது.

ஏழு வருஷம் கழித்து ஒருநாள் அவள் சொன்னாள்: "தெரியுமா, அந்தக் கொலகாரன் பூன் செத்துட்டானாம்."

லாமின் கரண்டி நின்றது. "அண்ணி, அது என் தொட்டி."

அவள் அவர் முன்னாலிருந்த கிண்ணத்தை எடுத்துச் சாக்கடையில் கொட்டினாள். "ஏழு வருஷமா என் கையாலயே தின்னியா? எங்கிட்ட மன்னிப்புக் கேக்காத. போலீஸ்ல சொல்லு. பூன் பொண்டாட்டிகிட்டப் போய்ச் சொல்லு."

போலீசில் எழுதிக்கொண்டு, கூப்பிடும்போது வா என்று அனுப்பினார்கள். கூப்பிடவே இல்லை. பூனின் மனைவி கதவைத் திறக்கவில்லை. அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்க, இரும்புக் கிராதிக்கு வெளியே நின்று உரக்கச் சொன்னாராம்.

"உள்ள ரேடியோ பாடிட்டிருந்துச்சு. நான் பூன் பேரச் சொன்னதும் நிறுத்திட்டாங்க" என்றார் என்னிடம். "முழுசாச் சொல்லி முடிச்சேன். அப்புறமும் ரேடியோவப் போடல. கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு எறங்கி வந்துட்டேன்."