ஓடிப்போனவன் பெயரில் வாழ்ந்த சிப்பாய்

“கூலி வம்சத்துல பட்டாளத்துக்காரனா? பொய் எழுதுறதுக்கும் ஒரு அளவு இருக்கணும் புள்ள.”

இலங்கையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேய்த்த பெரிய கங்காணி இதைச் சொன்னபோது எனக்குப் பன்னிரண்டு வயது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் அன்று பரிசளிப்பு விழா. என் தாத்தாவைப் பற்றி நான் எழுதியிருந்த கட்டுரையைத் தலைமை ஆசிரியர் சபையில் வாசித்துக் காட்டினார். தலைமை தாங்க வந்திருந்த கங்காணி தன் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை மட்டுமே பெட்டியிலிருந்து வெளியே வரும் அந்தக் கோட்டில் பாச்சா உருண்டை வாடை அடித்தது. இடது மார்பில் ராஜாவின் தலை பொறித்த வெள்ளிப் பதக்கம் ஒன்று தொங்கியது. தன் உழைப்பை மெச்சி, தோட்டத்தை நடத்தும் தொரை வெள்ளைக்கார ராஜாவிடமிருந்து வரவழைத்துக் கொடுத்தது என்று அவர் சொல்லுவார். தோட்டமே அதை நம்பியது. பரிசுப் புத்தகத்தை என் கையில் வைக்கும்போதுதான் அவர் அப்படிச் சொன்னார். பெஞ்சுகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பின்வரிசையில் நின்றிருந்த அப்பாவும் சிரித்தார். கங்காணியின் வார்த்தை எனக்குச் சீக்கிரம் மறந்துபோனது. அப்பாவின் சிரிப்பு மறக்கவில்லை.

தாத்தா அதற்கு ஐந்து வருடங்களுக்கு முன்பே இறந்துவிட்டார். எனக்கு அவரைப் பற்றி இருப்பது துண்டு துண்டான நினைவுகள்தான். வேலைக்கு ஆள் எண்ணும் விடியற்காலைப் பெரட்டில் ஆட்களெல்லாம் குளிரில் கூனிக்கொண்டு நிற்பார்கள். அவர் மட்டும் குதிகால்களைச் சேர்த்து, கைகளைத் தொடையோடு ஒட்டி நிற்பார். அதைப் பார்த்து மற்றவர்கள் கேலி செய்வார்கள். கம்பளியை மடித்தால் நான்கு முனையும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும் அவருக்கு. முதல் உலக யுத்தத்துக்கு இந்தியாவில் அவருடைய ஊரில் ஆள் எடுத்தபோது சேர்ந்து, கப்பலில் பஸ்ராவுக்குப் போய், சாலை போடும் பட்டாளத்தில் இருந்தவர். வீரக் கதை எதுவும் அவர் சொன்னதில்லை. காலுக்குப் பொருந்தாத பூட்ஸ், சேற்றில் புதைந்த கோவேறு கழுதைகள், செத்த மிருகங்கள் மிதந்துவந்த ஆற்றுத் தண்ணீரை வடிகட்டிக் குடித்தது, இவைதான் அவருடைய யுத்தம். என்னைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கும்போது, “சார், சே, ஏக், சாத்” என்று காலடிக்குத் தக்கபடி சொல்லிக்கொண்டே வருவார். நானும் சொல்லுவேன். அது என்னவென்று நான் கேட்டதில்லை. கேட்கும் வயதும் இல்லை.

யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பியபோது அங்கே மழையும் இல்லை, வேலையும் இல்லை. ஆள் பிடிக்க வந்த இதே கங்காணியுடன், அப்போது அவரும் இளைஞர், தாத்தா இலங்கைக்கு வந்தார். அவர் வந்த நேரத்தில் கங்காணியின் ஆட்களில் வீரன் என்று ஒருவன் தோட்டத்தை விட்டு ஓடியிருந்தான். பெரட்டில் ஆள் குறைந்தால் தொரையிடம் கங்காணிக்கு மரியாதை போகும். அதனால் ஓடிப்போனவன் பெயரிலேயே புதிதாக வந்தவனை நிறுத்திவிடுவது அந்தக் காலத்து வழக்கம். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே இப்படி மூன்று பேர் இருந்தார்கள். முத்துக்கருப்பன் என்ற என் தாத்தா பெரட்டில் ‘வீரன்’ என்று கூப்பிட்டால் “ஐயா” என்று சொல்லிக் கையைத் தூக்கினார். சாகும்வரை தூக்கினார். கல்யாணம், காது குத்து, கருமாதி என்று வந்தால்தான் அவருடைய சொந்தப் பெயர் வெளியே வரும்.

எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பை முடித்து, டிக்கோயா வழியாக அட்டன் நகரத்துக்கு நடந்தே போய் எஸ்.எஸ்.சி. வரை படித்துத் தேறினேன். நல்ல மழை நாளில் சேலை முட்டிவரை நனைந்திருக்கும், புத்தகம் மட்டும் நனைந்திருக்காது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன், அடக்கமாகச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஆனால் ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டபோது, பிரஜையா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். 1948இல் வந்த சட்டத்துக்குப் பிறகு நாங்கள் எந்த நாட்டுக்கும் ஆட்கள் இல்லை. குடியுரிமை கேட்டு அப்பா கொடுத்திருந்த மனுவில் என் பெயரும் இருந்தது. அது தேறினால் நான் ஆசிரியை. தேறாவிட்டால், அப்பா ஒரு நாளும் பார்த்திராத இந்தியாவுக்கு எல்லோரும் கப்பலேற வேண்டியதுதான்.

அந்த மனுவில்தான் அப்பா தவறு செய்தார். மனு எழுதுகிறவர் தகப்பன் பெயர் கேட்டபோது, தோட்டத்துப் பதிவில் இருந்த வீரன் என்ற பெயரைச் சொல்லாமல் முத்துக்கருப்பன் என்று சொல்லிவிட்டார். பிறகு நான் கேட்டபோது, “செத்த மனுசனுக்கு, ஓடிப்போனவன் பேரையா சொல்றது?” என்றார். வாழ்நாளில் அவர் நிமிர்ந்து சொன்ன வார்த்தை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அதுவே எங்களுக்கு வினையானது.

விசாரணை பல வருடம் கழித்துத் தோட்டத்து ஆபீசில் நடந்தது. முத்துக்கருப்பன் என்ற ஆள் இந்தத் தோட்டத்தில் இருந்ததற்குப் பதிவு இல்லையே, அப்படியானால் நீ யாருடைய மகன் என்று அதிகாரி கேட்டார். வீரனும் முத்துக்கருப்பனும் ஒரே ஆள்தான் என்று அப்பா சொன்னார். அதை யார் சொல்லுவார்கள் என்றார் அதிகாரி. பெரிய கங்காணி ஐயாவைக் கேளுங்கள் என்று அப்பா கைகூப்பினார். கங்காணியைக் கூப்பிட்டார்கள். அவர் எங்களைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னார்.

“முத்துக்கருப்பன்னு ஒரு ஆளு இந்தத் தோட்டத்துல இருந்ததே இல்லீங்க.”

சொல்லிவிட்டு வெளியே போய் வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. கூலிக்காரன் மகள் படித்துவிட்ட எரிச்சல் என்று நினைத்தேன். அதிகாரி நல்லவராகத்தான் நடந்துகொண்டார். வேறு சான்று இருந்தால் கொண்டுவாருங்கள் என்று விசாரணையைத் தள்ளிவைத்தார்.

வேறு சான்று எங்கே இருக்கும்? பட்டாளத்தில் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஒரு மனிதனை யுத்தத்துக்குக் கூட்டிப்போகும்போதாவது அவன் சொந்தப் பெயரை எழுதியிருப்பார்கள். சென்னைக்கு எழுதினேன், பதில் இல்லை. மறுபடி எழுதினேன். அந்தப் பட்டாளம் கலைக்கப்பட்டுவிட்டது, காகிதங்கள் வேறு ஊர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, படைவீரனின் எண் தெரியுமா என்று ஒரு வரிப் பதில் வந்தது. எண்ணுக்கு எங்கே போவது? ஒரு நாள் அட்டனில் துணி எடுக்கப் போனபோது, வடக்கே பம்பாய்ப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்திருந்த பாய், பையனிடம் கஜக் கணக்கை எண்ணிச் சொன்னார். அதில் தாத்தாவின் ‘சார்’, ‘சாத்’ எல்லாம் வந்தன. நான் முழுவதையும் சொல்லிக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, “நாலு, ஆறு, ஒண்ணு, ஏழு. யாரு வீட்டு நம்பரும்மா இது?” என்று கேட்டார். தாத்தாவின் பட்டாள எண் அதுதான் என்று புரிந்தது; அன்றே அதைப் போட்டு ஆவணக் காப்பகத்துக்குக் கடிதம் அனுப்பினேன்.

பதினோரு மாதம் ஆனது. அதிகாரியிடம் இரண்டு தடவை தவணை கேட்டேன். பிறகு முத்திரை குத்திய தடித்த உறை ஒன்று வந்தது. உள்ளே இரண்டு தாள்கள், மூலத்தைப் படமெடுத்த பிரதிகள். முதலாவது அவர் பட்டாளத்தில் சேர்ந்த தாள். எண், பெயர், தகப்பன் பெயர், ஊர், தாலுகா, உயரம், இடது புருவத்தில் தழும்பு. அந்தத் தழும்பை நான் விரலால் தடவியிருக்கிறேன். தாளை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன். அது நல்ல அழுகை.

இரண்டாவது தாளைப் படித்ததும் அது நின்றுவிட்டது. அது ஒரு ரசீது. யுத்த சேவைக்கான வெள்ளிப் பதக்கம் முன்னாள் சிப்பாய் முத்துக்கருப்பனுக்கு, ஊர் முகவரியிலிருந்து திருப்பி இலங்கையில் எங்கள் தோட்டத்து முகவரிக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. ‘இவர் இங்கே வீரன் என்ற பெயரில் வேலை செய்கிறார், பதக்கம் ஒப்படைக்கப்பட்டது’ என்று அன்றைய தொரை எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். அதன் கீழே தாத்தாவின் பெருவிரல் அடையாளம். பக்கத்தில், சாட்சி என்ற இடத்தில், கோணலான தமிழ் எழுத்தில் பெரிய கங்காணியின் கையெழுத்து.

அந்தக் கையெழுத்தை மறுபடி படித்தேன். அழுகிய எதையோ மிதித்துவிட்டு, கழுவத் தண்ணீர் கிடைக்காமல் நிற்பது போல இருந்தது.

அப்பாவிடம் தாளைக் காட்டிப் படித்துச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கம்பளி கொடுக்கப்போகிறார்கள் என்று சொல்லித்தான் கங்காணி தாத்தாவிடம் பெருவிரல் அடையாளம் வாங்கினாராம். கம்பளியும் கொடுத்தார்களாம். அடுத்த திருவிழாவில் கங்காணியின் கோட்டில் பதக்கத்தைப் பார்த்ததுமே தாத்தாவுக்குத் தெரிந்துவிட்டதாம். உடன் இருந்த சிப்பாய்கள் வாங்கியிருந்ததை அவர் ஊரில் பார்த்திருக்கிறார்.

“தெரிஞ்சுமா பேசாம இருந்தாரு?”

“பேசிட்டு எங்கம்மா போறது? பேர வெட்டிப் பத்துச் சீட்டக் குடுத்து, லயத்த விட்டு வெரட்டிருவாங்க. அப்ப நான் கைப்புள்ள.”

“நீங்களும் அன்னிக்குச் சிரிச்சீங்களேப்பா, பள்ளிக்கூடத்துல.”

அவர் அடுப்பில் விறகைத் தள்ளினார். எனக்கு அவர் மேலும் அருவருப்பு வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பயந்தவனை மன்னிக்கலாம் என்று படித்தவர்கள் எழுதுகிறார்கள். பயந்தவனுடைய மகளாக இருந்து பார்த்தால் அது அவ்வளவு சுலபம் இல்லை. ஒரு திருவிழாவில், கோட்டுப் போட்ட கங்காணி கடந்துபோகும்போது தாத்தா விறைப்பாக நின்று நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனது எனக்கு நினைவிருக்கிறது. கங்காணிக்குச் சலாம் போடுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அது யாருக்குப் போட்ட சலாம் என்று இப்போது தெரியும். தெரிந்தும் ஆறுதலாக இல்லை.

அந்த வருட மாரியம்மன் திருவிழாவில், தேர் புறப்படும் முன்பு, கோயில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கங்காணியிடம் போனேன். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. கோட்டு உடம்புக்குப் பெரிதாகிவிட்டது. வாடை மட்டும் அதே வாடை. பதக்கத்தைக் கிட்டத்தில் பார்க்கலாமா என்று கேட்டேன். பெருமையாக மார்பை நிமிர்த்திக் காட்டினார். பதக்கத்தின் விளிம்பைத் திருப்பிப் பிடித்தேன். நாற்பது வருடப் பாலிஷில் தேய்ந்திருந்தாலும் இங்கிலீஷ் எழுத்துகள் தெரிந்தன.

“ஓரத்துல என்ன எழுதியிருக்குன்னு தெரியுங்களா ஐயா?”

“ராசா வாழ்கன்னு போட்டிருக்கு. ஒனக்குத் தெரியாதா, படிச்ச புள்ள?”

“நாலு ஆறு ஒண்ணு ஏழு. சிப்பாய் முத்துக்கருப்பன்.”

நான் சத்தம் போடவில்லை. ஆனாலும் அருகில் நின்ற பத்துப் பேருக்குக் கேட்டது. கங்காணியின் கை தானாகப் பதக்கத்தை மூடியது. அவருடைய வாயோரத்தில் வெற்றிலைச் சாறு வழிந்தது. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. பதக்கத்திலேயே அதற்கு உரியவன் பெயர் பொறித்திருக்கிறது என்பது அவருக்கு அந்த நிமிடம்வரை தெரிந்திருக்கவில்லை. அந்தப் பெயர் காகிதத்தில் ஏறினால் பதக்கத்தின் கதையும் வெளியே வந்துவிடும் என்றுதான் விசாரணையில் அவர் பயந்திருக்கிறார். அந்தக் கிழவரைப் பார்த்து எனக்குப் பரிதாபம் வருமோ என்று சற்று நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை.

நான்காம் நாள் அவர் எங்கள் லயத்துக்கு வந்தார். அந்த வாசலில் அவர் கால் வைத்தது அதுவே முதல் தடவை. அப்பா பதறிப்போய்க் கதிரைக்கு ஓடினார். கங்காணி உட்காரவில்லை. அவர் சொன்னதன் சாரம் இது: தனக்கு வயதாகிவிட்டது, அன்று மறந்துபோய்ச் சொல்லிவிட்டதாக அதிகாரியிடம் இப்போது சொல்வார், வீரனும் முத்துக்கருப்பனும் ஒருவரே என்று எழுதிக் கையெழுத்தும் போடுவார். பதிலுக்கு, பட்டாளத்திலிருந்து எங்களுக்கு வந்ததாக அவர் காதுக்கு எட்டியிருந்த அந்த ரசீதுத் தாள் அவர் கைக்கு வர வேண்டும். பதக்கத்தைப் பற்றி இனி எங்கும் பேச்சு வரக் கூடாது.

“ஒன் மவ வாத்திச்சி ஆவணும்னா, இது ஒண்ணுதான் வழி” என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் கண்டதில்லை. காரியம் முடிந்துவிட்டது என்று அவர் நினைத்தார். “ஐயாவே மனசு வச்சுட்டாரும்மா. தாத்தா போய்ச் சேர்ந்துட்டாரு, அவருக்கு இனி பதக்கம் என்னத்துக்கு? போ, அந்தத் தாள எடுத்துட்டு வா” என்றார். அவருடைய கைகள் கூப்பியபடியே இருந்தன. ஒரு கம்பளிக்கு விரல் வைத்த குடும்பம், இன்னொரு கையெழுத்துக்கு அந்த விரலையே கொடுக்கத் தயாராக நிற்கிறது என்று நினைத்தேன்.

“தாளு இங்க இல்லப்பா” என்றேன்.

திருவிழாவுக்கு மறுநாள் காலையிலேயே நான் அட்டனுக்குப் போய் வந்திருந்தேன். இரண்டு தாள்களையும், நானே இங்கிலீஷில் எழுதிய நான்கு பக்கக் கடிதத்தையும் விசாரணை அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியாகிவிட்டது. ரசீதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரை மறுபடி அழைத்துச் சத்தியப் பிரமாணத்தின் பேரில் கேட்க வேண்டும் என்று அதில் கேட்டிருக்கிறேன். எங்கள் தரப்புச் சாட்சிகளின் பெயர்களையும் அதிகாரி கேட்டிருந்தார். அந்த இடத்தில் அப்பாவின் பெயரை நான் எழுதவில்லை. என் பெயரை எழுதினேன்.