கறுப்பு மலை

வெளிநாட்டிலிருக்கும் பேத்தி வரைந்த படம் போனில் வந்தது. இரண்டு பச்சை மலைகள், நடுவே சூரியன்.

ராயபுரத்தில் மூன்றாம் வகுப்பில் எங்களையும் இயற்கைக் காட்சி வரையச் சொன்னார்கள். மலையை யார் கண்டது? துறைமுகத்தில் குவிந்து கிடந்த நிலக்கரிதான் எனக்குத் தெரிந்த மலை. அம்மா இல்லாத வீடு. கரி இறக்கும் வேலைக்குப் போன நைனா திரும்பும்வரை தனியாக உட்கார்ந்து, கொடியில் தொங்கிய அவரது இன்னொரு சட்டையின் பையில் கிடந்த கரித்துண்டாலேயே இரண்டு மலைகளைத் தீட்டினேன். சூரியனுக்கு மஞ்சள்தூளைத் தேய்த்தேன்.

"மலை கறுப்பாவா இருக்கும்? பச்சை அடிச்சு எடுத்துட்டு வா" என்று டீச்சர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று மாலை நைனா கைகூடக் கழுவாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ப மலதான் கண்ணு, அப்படியே கீது. ஆனா இதுல நா எங்க கீறேன்?"

மலை உச்சியில் ஒரு புள்ளி வைத்துக் காட்டினேன். கண்ணருகே பிடித்துப் பார்த்து, "நான்தான்" என்றார்.

மறுநாள் பச்சை அடிக்காமலே கொண்டுபோனேன்.

பேத்தியின் படத்தை விரலால் பெரிதாக்கி, இரண்டு மலைகளிலும் தேடினேன். பிறகு, 'நல்லா கீது கண்ணு' என்று எழுதி அனுப்பினேன். நான் எங்கே என்று கேட்கவில்லை.