தறி ஓடாத ஞாயிறு

எங்கள் தேவாலயத்துச் சிறுவர் பாடகர் குழுவுக்கு மூன்று மாதமாக நான்தான் பயிற்சி கொடுத்தேன். பேராயர் வரும் ஞாயிறன்று பிள்ளைகள் பாடினால் பெரிய காஞ்சிபுரமே ஆடிப்போய்விடும் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

அன்று கையைத் தூக்கினேன். பன்னிரண்டு வாய்கள் திறந்தன, சத்தம் வரவில்லை. மறுபடி தூக்கினேன். அப்போதும் வரவில்லை.

முன்வரிசைச் சிறுமி நிதானமாகச் சொன்னாள்: "இன்னும் தறி ஓடலியே அங்கிள்."

அப்போதுதான் புரிந்தது. தேவாலயச் சுவரை ஒட்டிய வீட்டில் ஓடும் தறியின் சத்தத்தை வைத்தே பிள்ளைகள் தாளம் பழகியிருந்தார்கள். அந்தத் தறிக்குச் சேரவேண்டிய பாராட்டைத்தான் இத்தனை நாளும் நான் வாங்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அமாவாசை. அமாவாசையன்று இந்த ஊரில் நெசவாளர்கள் தறியில் உட்கார மாட்டார்கள்.

வேறு வழி தெரியாமல், வெள்ளை அங்கியை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, தறி ஓடும் தாளத்தில் மரமேடையை இரண்டு கால்களாலும் மாறி மாறி மிதித்தேன். பிள்ளைகள் கணீரென்று பாடிவிட்டார்கள்.

ஆராதனை முடிந்ததும் பேராயர் என் தோளைத் தொட்டார். "பசங்க அருமையா பாடினாங்க. நீங்க ஏன் தம்பி பாட்டு முடியற வரைக்கும் ஓடிக்கினே இருந்தீங்க?"