சுடவில்லை என்ற கால்கள்

கட்டுப் போடும் அறையில் காயத்தைக் கழுவுவது எளிது. அதன்மேல் அப்பி வரும் பொய்யைக் கழுவத்தான் நேரமாகும். என்னைப் போல நர்ஸாகத் தேய்ந்தவர்களுக்கு இது தெரியும். வெண்ணந்தூர் அம்மன் கோயிலில் குண்டம் இறங்கிய மறுநாள் காலை அது. நெருப்பில் நடந்தவருக்குச் சுட்டால் விரதத்தில் குறை என்று ஊர் பேசும். அதனால் யாருக்கும் சுடாது.

இருமல்

அன்று தறிகள் ஓடவில்லை. சத்தமற்ற தெருவில் ஆட்கள் பாதத்தின் ஓரத்தை மட்டும் ஊன்றி, ஓசையில்லாமல் வந்தார்கள். பெஞ்சு நிறைந்தது.

முதலில் வந்த தறிக்காரர் இருமல் என்றார். உள்ளங்காலில் பூசியிருந்த மஞ்சளைக் கழுவினேன். சிவந்திருந்தது. விரலால் அழுத்த வெளுத்தது. எடுத்ததும் சிவப்பு திரும்பியது. காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மேல்தோல்தான், ஆறிவிடும்.

“இருமலுக்குக் குடுங்க சிஸ்டர், காலப் பத்தி நான் ஒண்ணுஞ் சொல்லலீங்களே!”

கொப்புளம்

அடுத்தவள் புதிதாகக் கல்யாணமானவள். மாமியார் வாசலில் நின்றதால் உதட்டை மட்டும் அசைத்துப் பேசினாள். பெருவிரலுக்குக் கீழே நீர் கோத்த சின்னக் கொப்புளம். தொட்டதும் கண் கலங்கிவிட்டது. உடைக்காதே என்று சொல்லித் தளர்வாகக் கட்டினேன். என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தபடி சொன்னாள்:

“நீங்க வேற கோயிலுங்க சிஸ்டர். உங்ககிட்டச் சொன்னா ஆத்தா காதுல உழுகாது.”

ஈர அடிகள்

பாவாயி அக்கா மட்டும் நிமிர்ந்து, திம்திம்மென்று வெறுங்காலோடு வந்தார். பல வருடமாகச் சர்க்கரை நோய்; அதற்கு மாத்திரை வாங்கத்தான் வந்தார். காய்ந்த தரையில் அவர் பின்னால் ஈர அடிகள் தொடர்ந்து வந்தன.

காலைத் தூக்கச் சொன்னேன். தோல் உரிந்து, நடுவில் மெழுகுபோல் வெள்ளை. அழுத்தினேன், நிறம் மாறவில்லை. ஊசிமுனையால் தொட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

“ஊரே நொண்டுது, எனக்கு மட்டும் சுடவே இல்லீங்க சிஸ்டர். ஆத்தா என்னைய ஏத்துக்கிட்டா.”

அவர் விரல்

சர்க்கரையால் கால் மரத்துவிட்டது, இன்றே சேலத்துக்குப் போகாவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்றேன். சுடாத காலுக்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று எழுந்துவிட்டார். அவர் கையைப் பிடித்து அவர் பாதத்திலேயே வைத்தேன். விரல் நனைந்து வந்தது. வேறு யாருடைய காலையோ தொட்டுவிட்டவர்போல் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு நின்றது.

சேலத்துக்கு வரவழைத்த கார் கிளம்பும்போது கண்ணாடியை இறக்கினார்.

“தெருவுல கேட்டா, சர்க்கரைக்குப் போயிருக்கறதாச் சொல்லீருங்க சாமி.”

வலியை ஒளித்தவர்கள் எல்லோரும் நொண்டியபடியே வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஒளிக்க வலியே இல்லாதவரைத்தான் காரில் ஏற்ற வேண்டியிருந்தது.