குழியில் நட்ட கொப்பு

பிள்ளைகளா, நேற்று நம் தெருச் சாக்கடை மூடி உடைந்து கிடந்ததை மூத்தவள் போனில் படம் எடுத்து அனுப்பினாள். சாயங்காலத்துக்குள் ஆள் வந்து புதுமூடி போட்டுவிட்டுப் போனார். நீங்கள் கைதட்டினீர்கள். நான் உள்ளே போய்விட்டேன். நாற்றம் தாங்காமல் அல்ல. என் இளவயது முழுக்க அந்த நாற்றத்தில்தான் போயிற்று.

கல்யாணத்துக்கு முன், துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஒரு தெருவைக் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்தக் கூலி நான். காக்கிச் சட்டை கொடுத்திருந்ததால் என்னையும் ஓர் அதிகாரி என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். அங்கே மூடி போனால் புதியது வர மாதக்கணக்காகும். தெருக்காரர்களே முள் நிறைந்த உடைமரக் கொப்பு ஒன்றை வெட்டிக் குழிக்குள் நட்டுவிடுவார்கள். மழையில் தெரு முங்கினாலும் கொப்பு தலை நீட்டி நிற்கும், ஒதுங்கிப் போகலாம். கொப்பு இல்லையென்றால் மூடி போட்டாயிற்று என்று அர்த்தம்.

ஓர் ஐப்பசிக் காலை. முழங்கால் தண்ணீர். பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று மேஸ்திரி பதறினார்.

"ஏலே, அந்த முள்ளப் பிடுங்கி எறி. தெரு காடு மாதிரி கெடக்கு."

"குழி இருக்கே அண்ணாச்சி?"

"குழி தண்ணிக்குள்ளலா கெடக்கு? ஜீப்புல வாரவருக்கு கொப்புதாம்ல தெரியும்."

பிடுங்கினேன். நல்ல வேலைக்காரன் என்று பெயரெடுக்க ஆசை. ஜீப் வந்தது, நிற்காமலே போனது.

பின்னாலேயே மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு செல்லக்கனி அக்கா வந்தாள். அந்தக் கொப்பை நட்டவளே அவள்தான். "மூடி போட்டுட்டியளா? நல்லாருப்பிய!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். கத்தியிருக்கலாம். பக்கத்தில் மேஸ்திரி நின்றார். நான் யோசித்து முடிப்பதற்குள் கூடை மட்டும் தண்ணீரில் மிதந்தது.

தலைமுடியைப் பிடித்து இழுத்து வெளியே போட்டேன். இடுப்பு ஒடிந்திருந்தது.

"கண்ணப் பொடதியிலயா வச்சிருக்க, ஏளா?" என்றார் மேஸ்திரி.

அவள் என் கையை விடவில்லை. "நீ இல்லாட்டி செத்திருப்பேம்ல."

அதன்பிறகு அவள் எழுந்து நடக்கவே இல்லை. கிறிஸ்துமஸ் தவறாமல் மகளிடம் எனக்குப் பலகாரம் கொடுத்தனுப்புவாள். தின்றேன், பிள்ளைகளா. ருசியாகத்தான் இருந்தது.

இப்போது அங்கே அகலமான சிமெண்ட் சாலை. அவள் வீடிருந்த வரிசையே இல்லை. அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் அவள் மகளைப் பார்த்தேன். இடுப்பிலிருந்த குழந்தையை இறக்கி என் முன்னால் நிறுத்தினாள்.

"இந்தத் தாத்தாதான் நம்ம ஆச்சியக் காப்பாத்துனாவ. தோத்திரம் சொல்லு."

குழந்தை கைகூப்பியது. நான் அதன் தலையில் கையை வைத்து, "நல்லாரு" என்றேன்.