கூட்டத்தில் எழுந்து நின்றவள்

நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் வெல்ஃபேர் ஆபீசராக இருந்த காலம் அது. இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஒருவர் ஆர்டர் கொடுப்பதற்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தார். தொழிலாளர்களுக்கு எய்ட்ஸ் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தி, போட்டோவோடு அறிக்கை அனுப்ப வேண்டும். முதலாளி என்னைக் கூப்பிட்டார். நோயைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வெறும் நர்ஸ மட்டும் பேச வெச்சா ஆளாளுக்கு ஏதாச்சும் சொல்லுவாங்க கண்ணு. பாஸ்டரு ஒருத்தரு, பள்ளிவாசல்ல ஒருத்தரு, ரெண்டு பெரியவங்களையும் மேடையில உக்கார வெச்சுருங்க. அப்பறம் யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க" என்றார்.

பாஸ்டர் எங்கள் சபைக்காரர்தான். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. அவர் பிரசங்கம் கேட்டே வளர்ந்தவள் நான். ஹஜ்ரத் என்று எல்லோரும் அழைத்த பள்ளிவாசல் இமாமை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். அத்தர் மணக்க வந்தார், மெதுவாகப் பேசினார். தத்தம் மேடையில் ஒருவர் மார்க்கத்தை ஒருவர் வெளுத்து வாங்குகிறவர்கள், என் அறையில் டீ குடித்துக்கொண்டே பத்து நிமிடத்தில் கூட்டாளிகளாகிவிட்டார்கள். டிவி கெடுக்கிறது, செல்போன் கெடுக்கிறது, வயசுப் பெண்களை நைட் ஷிஃப்ட்டுக்கு விடும் தகப்பன்மார் கெடுக்கிறார்கள். எல்லாவற்றிலும் ஒரே கருத்து. உலகத்தில் நடக்கும் அத்தனை கேட்டுக்கும் வேர் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒரு பெண்தான் என்று முடிவாயிற்று.

அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் கொண்டு வந்திருந்த சிறு புத்தகத்தை இருவரும் புரட்டினார்கள். ஆணுறை பற்றிய பக்கம் வந்ததும் பாஸ்டர் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார். இது பாவத்துக்கு லைசன்ஸ் கொடுப்பது என்றார். பெண்கள் இருக்கும் இடத்தில் இதைப் பேசுவது வெட்கக்கேடு என்றார் ஹஜ்ரத். நர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதலாளி என்னைப் பார்த்தார். நூல் வெட்டும் கட்டரால் எல்லாப் புத்தகத்திலிருந்தும் அந்தப் பக்கத்தை அறுத்தெடுத்தவள் நான்தான். சமூகப்பணியில் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவள்.

கூட்டம் பேக்கிங் ஹாலில் நடந்தது. பாஸ்டர் பரிசுத்தத்தைப் பற்றிப் பேசினார். ஹஜ்ரத் பார்வையைத் தாழ்த்திக்கொள்வதைப் பற்றிப் பேசினார். நர்ஸுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். ரத்தப் பரிசோதனை எங்கே செய்யலாம் என்பதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியம்.

மூன்றாவது தையல் லைன் டெய்லர் ஒருத்தி எழுந்தாள். சாத்தான்குளம் பக்கத்துக்காரி, எங்கள் சபைக்கு வருகிறவள். அவள் புருஷன் சாயப்பட்டறை வேலையை விட்டுவிட்டு ஏழெட்டு மாதமாக இருமிக்கொண்டு படுத்திருப்பது எனக்குத் தெரியும்.

"புருசனுக்கு இந்தச் சீக்கு இருந்தா பொண்டாட்டி என்ன செய்யணும் பாஸ்டர்?" என்று கேட்டாள்.

ஜெபம் பண்ண வேண்டும், தேவன் இணைத்ததை மனுஷன் பிரிக்கக் கூடாது என்றார் பாஸ்டர். ஹஜ்ரத் லேசாகச் சிரித்தார். தங்கள் மார்க்கத்தில் இப்படிப்பட்ட நிலைமையில் பெண் விலகிக்கொள்ள வழி வைத்திருக்கிறது என்றார். பாஸ்டருக்குச் சுருக்கென்றது. உங்கள் ஆட்கள் மூன்று தலாக்கில் முடித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்குப் போவார்கள் என்றார். உங்கள் ஆட்கள் கல்யாணமே இல்லாமல் அடுத்தவளிடம் போவார்கள் என்றார் ஹஜ்ரத், குரலை உயர்த்தாமலே. அங்கிருந்து விவாகரத்து, பலதாரம், வேத வசனம், ஹதீஸ் என்று போயிற்று. முதலாளி நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையாட்டினார். போட்டோக்காரன் எடுத்துக்கொண்டே இருந்தான். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

கடைசியில் அவளே குறுக்கிட்டாள். "நா அவுகள விட்டுட்டுப் போவ மாட்டேன். கூட இருந்துக்கிட்டே எனக்கு வராம இருக்க என்ன செய்யணும்? அத மட்டும் சொல்லுங்க."

மேடையில் இருந்த ஐந்து பேருக்கும் பதில் தெரியும். ஒரு வார்த்தைதான். அவ்வளவு நேரம் சண்டை போட்ட இரண்டு பேரும் ஒரே மாதிரித் தரையைப் பார்த்தார்கள். நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் மைக்கை வாங்கி, டீ டைம் ஆகிவிட்டது, எல்லோரும் லைனுக்குப் போகலாம் என்றேன்.

நர்ஸ் அவளைப் பெண்கள் கழிப்பறைப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னார் என்று பிறகு தெரிந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்ல அந்தக் கம்பெனியில் அதைவிடச் சுத்தமான இடம் கிடைக்கவில்லை.

அந்தக் கேள்வியால் அவள் வீட்டு ரகசியம் ஊருக்கே தெரிந்துவிட்டது. பக்கத்து மிஷினில் இருந்த முஸ்லிம் பெண், வீட்டுக்காரர் சொன்னதாகச் சொல்லி இடம் மாற்றித் தரக் கேட்டாள். எங்கள் சபை மட்டும் குறைந்துவிடுமா? அந்த ஞாயிறு ஆராதனையில், திருவிருந்தில் எல்லோருக்கும் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் திராட்சை ரசம் வந்தது. அவளுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் டம்ளர். அவள் குடித்ததும் சபை மூப்பர் ஒருவர் அதைக் காகிதத்தில் பிடித்து வாங்கிக்கொண்டு போனார். பாஸ்டர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறு ஞாயிறிலிருந்து அவள் வரவில்லை. மூன்று மாதத்தில் புருஷன் இறந்தான். பாஸ்டர் அடக்கத்துக்கு வந்து, வாசலிலேயே நின்று ஜெபித்துவிட்டுப் போனார். அவள் இரண்டு முறை ரத்தம் கொடுத்துப் பார்த்தாள். இரண்டு முறையும் இல்லை என்றே வந்தது. அந்தச் சீட்டை என் மேஜையில் கொண்டுவந்து வைத்து, கணக்கை முடித்துத் தரச் சொன்னாள். வேலையை விட வேண்டாம் என்று ஏதோ முனகினேன்.

"நீங்க படிச்சவுகதானக்கா. அன்னைக்கு நீங்களாவது சொல்லிருக்கலாம்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பையருக்கு அறிக்கை பிடித்துவிட்டது. ஆர்டரும் வந்தது. இரண்டு மதத் தலைவர்களும் ஒரே மேடையில் என்று போட்டோவைச் சட்டம் போட்டு ரிசப்ஷனில் மாட்டினார்கள். மறு வருடமும் அதே இருவரை அழைக்கச் சொன்னார் முதலாளி. அழைத்தேன். வந்தார்கள்.

சில வருடம் கழித்து குன்னத்தூர் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். கூட ஒரு ஆள், நெற்றியில் விபூதி. தறி ஓட்டுகிறார், போன தை மாதம் கட்டிக்கொண்டோம் என்றாள். அவள் விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கிப் போய்விட்டதாகச் சபையில் அதற்கு முன்பே பேச்சு வந்திருந்தது. நானும் அங்கே உட்கார்ந்து அதைக் கேட்டிருந்தேன். என் அம்மா சௌக்கியமா என்று விசாரித்தாள். பிறகு அவர்கள் ஸ்டாப் வந்தது. அந்த ஆள் பையை வாங்கிக்கொண்டு முன்னால் இறங்க, அவளும் இறங்கிப் போனாள்.