பிள்ளையின்ரை நிறை

எங்கடை வேலையிலை நாய்க்கடியைக்கூடத் தாங்கலாம், வீட்டுக்காரற்ரை மறுமொழியைத்தான் தாங்கேலாது. நான் குடும்பநல உத்தியோகத்தர். பிள்ளை பிறந்த வீடுகளுக்கு ஸ்கூட்டியிலை போய்த் தாயையும் பிள்ளையையும் பாக்கிறனான். பிள்ளை பெத்துப்போட்டு அழுது, அதுக்கும் பேச்சு வாங்கின என்ரை சகோதரியளே, இது உங்களுக்குத்தான்.

பத்துக் கேள்வி

புத்தூரிலை கவிதாவுக்குத் தலைப்பிள்ளை. பன்னிரண்டாம் நாள் போறன். தாயின்ரை மனநிலையை அறிய எங்களிட்டைப் பத்துக் கேள்வித் தாள் ஒண்டு இருக்கு. தாய்தான் தன்ரை கையாலை நிரப்பவேணும். கவிதா சுவரைப் பாத்துக்கொண்டு படுத்திருந்தாள். மாமியார் தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, "சிரிக்க முடியுதோ? ஓம். அழுகை வருதோ? இல்லை" எண்டு பத்துக்கும் தானே புள்ளடி போட்டுத் தந்தா.

வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், எனக்கு அண்டைக்கு இன்னும் நாலு வீடு கிடந்தது. வாங்கி ஃபைலுக்கை வைச்சுப்போட்டன். மாமியார் பெருமையாச் சொன்னா: "அவளுக்கு என்ன தெரியும் மிஸ், எனக்கெல்லே எல்லாம் தெரியும்."

சரக்கு அரைச்ச நேரம்

அந்தத் தாள் நெஞ்சிலை குத்திக்கொண்டே கிடந்தது. மூண்டு நாளாலை திரும்பிப் போனன். மாமியார் பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்கிற மருந்துச் சரக்கு அரைக்கக் குசினிக்குப் போன நேரம் பாத்து, கவிதாவுக்குப் பக்கத்திலை இருந்து கையைப் பிடிச்சன். பிள்ளை நித்திரை கொண்டாலும் தனக்கு நித்திரை வரேல்லையாம். பிள்ளை அழேக்கை தூக்கவேணும் எண்டே தோன்றேல்லையாம். இதைச் சொல்லேக்கை அவள் அழவும் இல்லை. பிறகு மெல்லக் கேட்டாள்: "நான் இல்லாட்டிலும் பிள்ளை வளந்திடும்தானே மிஸ்?"

முப்பத்தொண்டு

உடனை புருசனைக் கூப்பிட்டன். வெங்காயத் தோட்டத்திலை நிண்டவன் மண் காலோடை வந்தான். "தம்பி, இது பிள்ளை பெத்த ஆக்களுக்கு வாற வருத்தம். மருந்திருக்கு, மாறும். இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணும். அவளைத் தனிய விடாதேங்கோ" எண்டன். அவன் தாயின்ரை முகத்தைப் பாத்தான். தாய்க்குச் சிரிப்பு. தான் அஞ்சு பெத்தவவாம், அதிலை ஒண்டு சண்டை நேரம் ஒளிச்சிருந்த பங்கருக்கையாம், அப்ப ஆர் மனசுக்கு மருந்து குடிச்சதாம்.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. அஞ்சு பெத்த காலத்திலை அவவுக்கு அழுகை வரேல்லை எண்டில்லை, அழுறியோ எண்டு கேக்க ஒருத்தரும் இருக்கேல்லை. புருசன் காலிலை கிடந்த மண்ணைத் தட்டிக்கொண்டு சொன்னான்: "முப்பத்தொண்டாம் நாள் கழியட்டும் மிஸ், பிள்ளை பெத்த துடக்கோடை அவள் படலை தாண்டக்கூடாது."

தராசு

முப்பத்தொண்டுக்கு இன்னும் பதினாறு நாள். அதுவரைக்கும் அவள் இருப்பாளோ எண்டு எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. தராசை எடுத்துப் பிள்ளையை நிறுத்தன். நல்ல நிறை. முகத்தை இறுக்கி வைச்சுக்கொண்டு, "நிறை காணாது, இப்பவே காட்டவேணும், பால் குடுக்கிற தாயும் வரவேணும்" எண்டு பச்சைப் பொய் சொன்னன். துடக்கு எங்கை போச்சுதோ தெரியாது, பத்து நிமிசத்திலை படலையிலை ஓட்டோ நிக்குது. பின்னாலை நானும் போய், டொக்டரிட்டை உண்மையைச் சொன்னன். கவிதாவை வாட்டிலை மறிச்சு, மனநல டொக்டரைக் கூப்பிட்டுக் காட்டிச்சினம்.

இப்ப பிள்ளைக்கு ஏழு மாதம். கவிதா மருந்து எடுக்கிறாள். போன கிழமை கிளினிக்கிலை அந்தப் பத்துக் கேள்வியையும் தன்ரை கையாலை நிரப்பித் தந்து, என்னைப் பாத்துச் சிரிச்சாள். பக்கத்திலை நிண்ட மாமியார் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, எல்லாருக்கும் கேக்கச் சொன்னா: "மிஸ் இல்லாட்டி என்ரை பேரன் தப்பியிருக்கமாட்டான்."

எங்கடை ஊரிலை தாயைக் காப்பாத்தவேணும் எண்டால், வருத்தத்தைப் பிள்ளையின்ரை பேரிலைதான் எழுதவேணும்.